போதும் என்றவரை அன்றைக்கே விடுங்கள்: சங்கத்து மின்னஞ்சல் பட்டியலைப் பராமரிக்க முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பு படுவான்கரையில் ஒரு பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்துக்கு மாதம் ஒரு மின்னஞ்சல் கடிதம் அனுப்புவது என் பொறுப்பு. ஊரில் இருப்பவர்களை வாட்ஸ்அப்பில் பிடித்துவிடலாம். லண்டன், டொரன்டோ, சூரிச், ஒஸ்லோ என்று போனவர்களுக்கும் கொழும்பில் வேலை பார்ப்பவர்களுக்கும் மின்னஞ்சல்தான் சரிவருகிறது. கணக்கறிக்கை, கட்டட வேலைப் படங்கள், பரீட்சை முடிவுகள் எல்லாம் அழியாமல் கிடக்கும். வேண்டியபோது தேடி எடுக்கலாம்.

பொறுப்பெடுத்த முதல் வருடம் கனடாவிலிருந்து ஒரு பதில் வந்தது. "அப்பா தவறி எட்டு மாதம். நீங்கள் இன்னும் 'அன்புள்ள ஐயா' என்று அவருக்கு எழுதுகிறீர்கள். அம்மா ஒவ்வொரு மாதமும் அதைத் திறந்து பார்க்கிறா. நிறுத்தச் சொல்லி மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்." தேடிப் பார்த்தேன். முதல் தடவை எனக்கு முந்திய செயலாளரின் சொந்த மின்னஞ்சலுக்கு எழுதியிருக்கிறார். இரண்டாம் தடவை குழு உறுப்பினர் ஒருவரிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். இரண்டும் பட்டியலுக்கு வந்து சேரவில்லை. அன்றிரவே அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அந்தத் தாய் திரையைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பது பல நாள் கண்ணுக்குள்ளேயே நின்றது.

அதற்குப் பிறகு படித்தும் பட்டும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். கோயில் பரிபாலன சபை, விளையாட்டுக் கழகம், வாசகர் வட்டம், மருதமுனைக் கைத்தறிக் கடை என்று யார் பட்டியல் வைத்திருந்தாலும் வேலை ஒன்றுதான்.

பட்டியலை ஓரிடத்துக்குக் கொண்டுவாருங்கள்

எங்களிடம் நான்கு பட்டியல்கள் இருந்தன. பழைய செயலாளரின் ஜீமெயில் தொடர்புகள், பொருளாளரின் எக்செல் கோப்பு, விழாவுக்கு வந்தவர்கள் எழுதிப்போன கொப்பி, யாகூ குழுமத்திலிருந்து இறக்கிய ஒரு கோப்பு. யாகூ குழுமங்கள் 2020 டிசெம்பர் 15இல் மூடப்பட்டன. அந்தக் காலத்தில் அவசரமாக இறக்கிவைத்த கோப்புகள் இன்னும் பல சங்கங்களில் கிடக்கின்றன. அப்படியான கோப்பில் பெயரும் முகவரியும் இருக்கும். யார் எப்போது வேண்டாம் என்றார் என்பது பெரும்பாலும் இருக்காது.

ஒரு கூகுள் ஷீட் திறந்து எல்லாவற்றையும் அதில் சேருங்கள். நான் வைத்திருக்கும் நிரல்கள்: பெயர், மின்னஞ்சல் முகவரி, சாதாரண தரம் எழுதிய ஆண்டு, சேர்ந்த திகதி, எப்படிச் சேர்ந்தார், நிலை, நிலை மாறிய திகதி, எந்த வழியாகச் சொன்னார், குறிப்பு. சாதாரண தர ஆண்டு எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் பக்கம் ஒரே முன்னெழுத்தும் ஒரே பெயரும் உடையவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். ஒருவர் விலக, இன்னொருவரை வெட்டிவிடும் பிழையை இந்த ஒரு நிரல் தடுக்கிறது.

நிலை என்ற நிரலில் நான்கு சொற்கள் மட்டும் வைத்திருக்கிறேன்: பெறுகிறார், விலகினார், திரும்பி வந்தது, காலமானார். விலகியவரின் வரிசையை ஒருபோதும் அழிக்காதீர்கள். அழித்தால், வேறொரு பழைய கோப்பிலிருந்து அதே முகவரி நாளைக்குத் திரும்பவும் உள்ளே வரும்போது அவர் முன்பே வேண்டாம் என்றவர் என்று உங்களுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. 'விலகினார்' என்று குறித்து, நிறம் மாற்றி, அங்கேயே விடுங்கள். யாராவது தன் விவரம் முழுவதையும் அழிக்கச் சொன்னால் பெயர், ஆண்டு, குறிப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அந்த முகவரிக்கு இனி அனுப்பக்கூடாது என்பதற்காக முகவரியை மட்டும் வைத்திருக்கிறேன். இதை அவரிடம் சொல்லியும் விடுகிறேன்.

இரட்டிப்பாக இருப்பவற்றையும் இந்தக் கட்டத்திலேயே பாருங்கள். ஜீமெயில் முகவரியில் நடுவில் வரும் புள்ளிகளுக்குப் பொருள் இல்லை. புள்ளியோடு எழுதினாலும் புள்ளியில்லாமல் எழுதினாலும் ஒரே பெட்டிக்குத்தான் போகும். ஆனால் எக்செலுக்கு அவை இரண்டு முகவரிகள். ஒன்றை நீக்குவீர்கள், மற்றதுக்குக் கடிதம் போய்க்கொண்டிருக்கும். "நீக்கிவிட்டோம் என்றீர்களே, இன்னும் வருகிறதே" என்ற கோபங்களில் பலவற்றுக்குக் காரணம் இதுதான்.

சேர்க்கும்போதே கேளுங்கள்

விலகல் பிரச்சினைகளில் பெரும்பகுதி சேர்ப்பதில்தான் தொடங்குகிறது. ஆடி அமாவாசை, மாமாங்கத் தீர்த்தம் என்று வெளிநாட்டிலிருந்து சனம் வந்து நிற்கும் காலத்தில் ஒரு கொப்பியை நீட்டி முகவரி வாங்குவோம். வெயிலுக்குள் நின்று எழுதியதை இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் ஆங்கில 'எல்'லா இலக்கம் ஒன்றா, 'ஓ'வா பூச்சியமா என்று தெரியாது. ஊகித்துத் தட்டச்சு செய்தால் கடிதம் யாரென்றே தெரியாத ஒருவருக்குப் போகும். அவர் விலகக் கேட்கமாட்டார், நேரே 'ஸ்பாம்' (குப்பை அஞ்சல்) என்று குறித்துவிடுவார்.

இதற்கு மருந்து இருமுறை உறுதிப்படுத்தல். முகவரி கிடைத்ததும் ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "எங்கள் மாதக் கடிதத்துக்கு இந்த முகவரி தரப்பட்டது. நீங்கள்தான் தந்தீர்கள் என்றால் கீழே அழுத்துங்கள்." அழுத்தியவரை மட்டும் 'பெறுகிறார்' ஆக்குங்கள். அழுத்தாதவரை விட்டுவிடுங்கள். எண்ணிக்கை குறையும், கவலைப்பட வேண்டாம். இப்போது நான் கொப்பி நீட்டுவதில்லை. கியூஆர் கோட் அச்சிட்ட ஒரு தாளை மேசையில் ஒட்டிவிடுவேன், அவரவர் தன் கைத்தொலைபேசியிலேயே நிரப்புகிறார்.

வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார் என்பதற்காக மின்னஞ்சலிலும் சேர்த்துவிடாதீர்கள். அதேபோல, நன்கொடை தந்தவர் பற்றுச்சீட்டுக்காக முகவரி தந்தால் அது பற்றுச்சீட்டுக்கு மட்டும்தான். இதில் எங்கள் சங்கங்கள் பலவும் கவனக்குறைவாக இருக்கின்றன. காசு தந்த மனிதருக்கு மாதாமாதம் கேட்காத கடிதம் போனால், அடுத்த முறை அவர் தருவாரா என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, முதியவர்களின் முகவரிகள். கொமியூனிகேஷன் கடையில் யாரோ உருவாக்கிக் கொடுத்ததாக இருக்கும், அல்லது பேரன் போட்டுக் கொடுத்ததாக இருக்கும். கடவுச்சொல் அவருக்குத் தெரியாது. கணவன் மனைவி இருவருக்கும் ஒரே முகவரி என்பதும் சாதாரணம். குறிப்பு நிரலில் இதை எழுதிவையுங்கள். பின்னால் உதவும்.

எதைக் கொண்டு அனுப்புவது

ஐம்பது பேர் வரை என்றால் ஜீமெயிலில் பிசிசி போதும், அதில் போடும் முகவரிகள் மற்றவர்களுக்குத் தெரியாது. சிசியில் போட்டால் எல்லாருடைய முகவரியும் எல்லாருக்கும் தெரிந்துவிடும், அதைத் திருப்பிப் பொறுக்க வழியில்லை. இலவச ஜீமெயிலில் நாளொன்றுக்கு 500 பேருக்குத்தான் அனுப்பலாம் என்ற எல்லையும் உண்டு. பிசிசியில் பெரிய குறை, விலகும் இணைப்பு தானாக வராது. எல்லாம் உங்கள் கையால்தான்.

அதற்கு மேலே போனால் கூகுள் குழுக்கள் (ஒரே முகவரிக்கு எழுதினால் உறுப்பினர் எல்லாருக்கும் போகும்), அல்லது மெயில்சிம்ப், பிரெவோ போன்ற கடிதம் அனுப்பும் சேவைகள். கூகுள் குழு என்றால் ஓர் அமைப்பை முதல் நாளே மாற்றுங்கள்: யார் பதிவிடலாம் என்ற இடத்தில் நிருவாகிகள் மட்டும் என்று வையுங்கள். பதில்கள் யாருக்குப் போக வேண்டும் என்ற இடத்திலும் நிருவாகியின் முகவரியைக் கொடுங்கள். நாங்கள் இதைச் செய்யாமல் விட்டிருந்தோம். ஒரு நாள் இரவு ஒருவர் "என்னை நீக்கிவிடுங்கள்" என்று பதில் போட்டார், அது அத்தனை பேருக்கும் போனது. "எனக்கும் வேண்டாம்" என்று இன்னொருவர். "ஏன் எல்லாருக்கும் அனுப்புகிறீர்கள்" என்று மூன்றாமவர், அதுவும் எல்லாருக்கும். விடியும்போது ஒவ்வொருவர் பெட்டியிலும் முப்பதுக்கு மேல் கடிதங்கள். கூட்டத்தில் நல்ல மனதோடு இருந்தவர்களும் அந்த ஒரு இரவில் விலகிப் போனார்கள்.

குழுவின் உறுப்பினர் அமைப்பில் ஒவ்வொன்றாகப் பெறுவது, நாளுக்கொரு தொகுப்பாகப் பெறுவது, மின்னஞ்சலே வேண்டாம் என்று தெரிவுகள் உண்டு. விலகக் கேட்பவர் உண்மையில் கேட்பது சிலவேளை "குறைத்து அனுப்பு" என்பதாக இருக்கும். ஆகவே நான் பட்டியலையே மூன்றாகப் பிரித்தேன்: மாதக் கடிதம், நிதி சேர்ப்பு, அவசரச் செய்தி. மாரி வெள்ளத்தில் ஊர் அகப்பட்டால் போகும் அறிவித்தல் மூன்றாவதில். மாதக் கடிதம் வேண்டாம் என்ற பலர் இந்த மூன்றாவதை வைத்துக்கொண்டார்கள்.

'சந்தா' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்

இது சிறிய விடயம் போலத் தெரியும். எங்கள் கடிதத்தின் அடியில் முதலில் "சந்தாவிலிருந்து விலக" என்று போட்டிருந்தோம். சங்கம் என்றால் நம் ஊரில் சந்தா என்பது வருடாந்தம் கட்டும் காசு. அதை அழுத்தினால் அங்கத்துவம் போய்விடும் என்று பயந்து, கடிதம் வேண்டாதவர்களும் அழுத்தாமல் இருந்தார்கள். கூகுளின் தமிழ் இடைமுகத்தில் வரும் 'குழுவிலகு' என்ற சொல்லுக்கும் இதே கதிதான். சங்கத்தை விட்டே விலகுவதாக நினைக்கிறார்கள். இப்போது இப்படி இருக்கிறது: "இந்தக் கடிதம் இனி வேண்டாம் என்றால் இங்கே அழுத்துங்கள். உங்கள் சங்க அங்கத்துவம் அப்படியே இருக்கும்." இரண்டாவது வசனம் மிக முக்கியம். அது வந்த பிறகுதான் இணைப்பைப் பலர் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

இணைப்பு எப்படி இருக்க வேண்டும்

கண்ணுக்குத் தெரியும் எழுத்தளவில், கடிதத்தின் அடியில். கடவுச்சொல் கேட்கக்கூடாது, காரணத்தைக் கட்டாயமாக்கக்கூடாது, மூன்று பக்கம் தாண்ட வைக்கக்கூடாது.

கடிதத்துக்குள் இருக்கும் இணைப்பைத் தவிர, மின்னஞ்சலின் தலைப்பகுதியில் கண்ணுக்குத் தெரியாமல் போகும் விலகல் குறிப்பு ஒன்றும் உண்டு. இதற்கான தரம் 1998இல் ஆர்எஃப்சி 2369 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தில் வந்தது. ஒரே அழுத்தில் விலகும் முறையை 2017இல் ஆர்எஃப்சி 8058 சேர்த்தது. ஜீமெயிலில் அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் விலகும் பொத்தான் தெரிகிறதே, அது இந்தக் குறிப்பைப் படித்துத்தான் வருகிறது. கடிதம் அனுப்பும் சேவைகள் இதைத் தாமே சேர்த்துவிடும். பெருமளவில் அனுப்புபவர்களுக்கு (ஜீமெயில் கணக்கில் நாளொன்றுக்கு 5000க்கு மேல்) ஜீமெயிலும் யாகூவும் 2024 பெப்ரவரி முதல் கொண்டுவந்த விதிகளில் இந்த ஒரே அழுத்து விலகல் கட்டாயம். கோரிக்கையை இரண்டு நாளுக்குள் நிறைவேற்றவும் வேண்டும். நம் சங்கங்கள் அந்த அளவுக்கு அனுப்புவதில்லை. இருந்தாலும் இரண்டு நாள் என்பது பின்பற்றத்தக்க எல்லை.

இரண்டு குழிகளைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, நம் ஆட்கள் கடிதத்தை அப்படியே அக்காவுக்கு ஃபோர்வேர்ட் பண்ணுவார்கள். அக்கா தனக்கு வந்தது என்று நினைத்து விலகும் இணைப்பை அழுத்துவார். நீங்குவது தம்பியின் முகவரி. தம்பி மூன்று மாதம் கழித்து, "என்னைப் பட்டியலிலிருந்து வெட்டிவிட்டீர்களா" என்று மனம் நொந்து கேட்பார். மற்றது, வேலைத்தல முகவரிகள். சில நிறுவனங்களின் பாதுகாப்பு மென்பொருள், வரும் கடிதத்தில் உள்ள இணைப்புகளை எல்லாம் தானே திறந்து சோதிக்கும். திறந்தவுடன் விலகிவிடும்படி இணைப்பு இருந்தால் அந்த மனிதர் அறியாமலே நீங்கிவிடுவார். இரண்டுக்கும் ஒரே பரிகாரம்: கடிதத்துக்குள் உள்ள இணைப்பு ஒரு பக்கத்தைத் திறக்கட்டும், அதில் எந்த முகவரி நீங்கப்போகிறது என்று காட்டி ஒரு பொத்தான் இருக்கட்டும். பொத்தானை அழுத்தினால் முடிந்தது.

கோரிக்கை வந்த அன்று

இணைப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பலர் அதைத் தொடமாட்டார்கள். பதில் எழுதுவார்கள், வாட்ஸ்அப்பில் சொல்வார்கள், திருவிழாவில் கண்டு சொல்வார்கள், அண்ணனிடம் சொல்லி அனுப்புவார்கள். களுவாஞ்சிகுடிச் சந்தையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்னைப் பிடித்து, "மனே, உன்ர கடிதம் வந்து போன் நிறைஞ்சு போகுது, எனக்கு இனி அனுப்பாத" என்றார். அவருக்கு அது போதுமான கோரிக்கை. எனக்கும் அது போதும். "டீச்சர், கீழே இணைப்பு இருக்கு" என்று சொல்லவில்லை. அங்கேயே கைத்தொலைபேசியை எடுத்து ஷீட்டில் குறித்தேன்.

குழு உறுப்பினர் எல்லாருக்கும் சொல்லிவைத்திருப்பது இதுதான்: யாராவது போதும் என்று எந்த வடிவில் சொன்னாலும் அதே நாளில் எனக்கு ஒரு செய்தி போடுங்கள். பெயர், ஊர், முடிந்தால் சாதாரண தர ஆண்டு.

பிறகு நான் செய்வது: ஷீட்டில் முகவரியைத் தேடுகிறேன். எழுதிய முகவரியும் பட்டியலில் உள்ள முகவரியும் வேறாக இருப்பது அடிக்கடி நடக்கும். பழைய முகவரிக்கு வருவதைப் புதியதற்குத் திருப்பிவிட்டிருப்பார், புதியதிலிருந்து விலகக் கேட்பார். கூகுள் குழுவில், குழுப் பெயரின் பின் கூட்டல் குறியும் 'அன்சப்ஸ்கிரைப்' என்ற சொல்லும் சேர்ந்த முகவரிக்கு வெறும் மின்னஞ்சல் அனுப்பி விலகலாம், ஆனால் அதைப் பதிவான முகவரியிலிருந்தே அனுப்ப வேண்டும். திருப்பிவிட்டவர் அனுப்பினால் வேலை செய்யாது. அவர் பலதடவை முயன்று களைத்த பிறகுதான் நமக்கு எழுதுவார். அப்போது பெயரைக்கொண்டு தேடுங்கள், சந்தேகமாக இருந்தால் மட்டும் ஒரு கேள்வி: "எங்களிடம் இருப்பது இந்த முகவரி, இதுதானே?"

முகவரி தெரிந்ததும் குழுவிலோ சேவையிலோ நீக்குகிறேன், ஷீட்டில் நிலையையும் திகதியையும் வழியையும் எழுதுகிறேன், இரண்டு வரி பதில் போடுகிறேன்: "வணக்கம் அண்ணன், உங்கள் முகவரியை இன்று மாதக் கடிதப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். சங்கத்தில் உங்கள் இடம் அப்படியே இருக்கிறது." அவ்வளவுதான். ஏன் என்று கேட்பதில்லை. "வருத்தமாக இருக்கிறது, இன்னொரு தடவை யோசியுங்கள்" என்று எழுதுவதும் இல்லை. இணைப்பு வழியாக விலகியவருக்கு இந்தப் பதிலும் வேண்டாம். திரையில் வரும் செய்தி போதும்.

இறந்தவர் பற்றிய செய்தி வந்தால் அந்த வழமையான இரண்டு வரிப் பதிலை அனுப்பாதீர்கள். மூன்று பட்டியலிலிருந்தும் உடனே எடுங்கள், 'காலமானார்' என்று குறியுங்கள், குடும்பத்துக்கு ஒரு மனிதராக எழுதுங்கள் அல்லது அழையுங்கள். ஊரில் மரண அறிவித்தல் வரும் ஒவ்வொரு தடவையும் ஷீட்டில் அந்தப் பெயரைத் தேடுகிறேன். அந்தக் கனடாக் கடிதத்துக்குப் பிறகு இது என் பழக்கமாகிவிட்டது.

திரும்பி வரும் கடிதங்களும் 'ஸ்பாம்' முறைப்பாடும்

போய்ச் சேராத கடிதம் ஓர் இலக்கத்தோடு திரும்பி வரும். 5இல் தொடங்கினால் நிரந்தரமானது. 550 என்று வந்தால் பெரும்பாலும் அப்படி ஒரு முகவரியே இல்லை. 4இல் தொடங்கினால் தற்காலிகமானது, பெட்டி நிறைந்திருக்கலாம். முதல் வகையை உடனே நிறுத்துங்கள். இரண்டாவது வகைக்கு நான் மூன்று கடிதம் வரை பொறுப்பேன். இரண்டு வருடம் பயன்படுத்தாத சொந்தக் கணக்குகளை கூகுள் 2023 டிசெம்பரிலிருந்து அழிக்கத் தொடங்கியது. கொமியூனிகேஷன் கடையில் திறந்த பழைய முகவரிகள் போகக்கூடியது இப்படித்தான். குறிப்பு நிரலில் பேரனின் பெயர் இருந்தால் புதிய முகவரி கேட்கலாம்.

'ஸ்பாம்' என்று குறிக்கப்படுவது விலகலை விடப் பல மடங்கு கெடுதி. விலகியவர் தனக்கு மட்டும் நிறுத்துகிறார். 'ஸ்பாம்' குறிப்பு மற்றவர்களின் பெட்டியிலும் உங்கள் கடிதத்தைக் குப்பைக்குத் தள்ளும். பெருமளவில் அனுப்புபவர்களுக்கு ஜீமெயில் இந்தக் குறிப்புகளுக்கு வைத்திருக்கும் உச்ச எல்லை 0.3 சதவீதம். 300 பேருக்கு அனுப்பி ஒருவர் அழுத்தினாலே 0.33. ஆகவே விலகும் இணைப்பை ஒளித்துவைக்கச் சொல்லும் குழு உறுப்பினருக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். சொந்த டொமைனிலிருந்து (சங்கத்தின் சொந்த இணையப் பெயரிலிருந்து) அனுப்பினால், கடிதம் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் தொழில்நுட்பம் தெரிந்த ஒருவரைக் கொண்டு அமைத்துவிடுங்கள்.

சட்டம்

இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இப்படியான செய்திகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. சம்மதம் வேண்டும், செய்தி அனுப்பும் ஒவ்வொரு தடவையும் கட்டணமில்லாமல் விலகும் வழியைச் சொல்ல வேண்டும் என்கிறது. ஐரோப்பாவில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் தருவது எவ்வளவு எளிதோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. கனடாவிலும் அமெரிக்காவிலும் வணிக நோக்குள்ள மின்னஞ்சல்களில் விலகல் கோரிக்கையை 10 வேலை நாட்களுக்குள் நிறைவேற்ற வேண்டும். கைத்தறி விற்பவர்கள் இதைக் கவனியுங்கள். அன்றைக்கே நீக்கும் பழக்கம் இருந்தால் இந்தக் கால எல்லைகள் எதிலும் அகப்படமாட்டீர்கள்.

நிருவாகக் குழு மாறும்போது

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் புதிய குழு வரும். உற்சாகத்தோடு ஒருவர் தன் கணினியில் கிடந்த பழைய எக்செலை எடுத்துப் பட்டியலில் ஏற்றிவிடுவார். எங்களுக்கு இது நடந்தது. விலகிய நாற்பது பேருக்கு மேல் ஒரே நாளில் திரும்பவும் கடிதம் போனது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதி மன்னிப்புக் கேட்க ஒரு கிழமை எடுத்தது. கடிதம் அனுப்பும் சேவைகளில் தடைப் பட்டியல் என்று தனியாக ஒன்று இருக்கும். அதில் உள்ள முகவரியை யார் ஏற்றினாலும் அந்தச் சேவை அனுப்பாது. அதைப் பயன்படுத்துங்கள். ஷீட் மட்டும் வைத்திருப்பவர்கள், புதிதாக எதையும் ஏற்றுவதற்கு முன் 'விலகினார்', 'காலமானார்' வரிசைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

விலகியவர் திரும்பி வர விரும்பினால் அவரே படிவத்தை நிரப்பட்டும். பழைய வரிசையில் புதிய திகதியை எழுதி, முந்திய விலகலைக் குறிப்பில் விடுங்கள். கல்யாண வீட்டில் கண்டு "இப்போது அனுப்பட்டுமா" என்று கேட்டு அவர் தலையாட்டினாலும், உறுதிப்படுத்தும் மின்னஞ்சலை அனுப்புங்கள்.

ஒப்படைக்கும்போது நான் கொடுக்கப்போவது நான்கு: ஷீட்டின் உரிமை, சங்கத்தின் பெயரில் உள்ள மின்னஞ்சலின் கடவுச்சொல், தடைப் பட்டியலின் ஒரு பிரதி, பழைய எக்செல் கோப்புகளை எல்லாரும் தங்கள் கணினியிலிருந்து அழித்துவிட்டோம் என்று குழு கையெழுத்திட்ட ஒரு தாள். பழைய செயலாளரின் சொந்த மின்னஞ்சலில் ஒரு தானியங்கிப் பதிலையும் போடச் சொல்லுங்கள், விலகல் கேட்டு அங்கே எழுதுபவருக்குப் புதிய முகவரி தெரிய வேண்டும்.